உறைந்த கிணறும் பொங்கிய கிணறும்

1828-ல் சைபீரியாவின் யாகூட்ஸ்க் நகரத்தில் ஒருவர் கிணறு வெட்ட ஆரம்பித்தார். பெயர் ஃபியோதர் ஷெர்கின். அலாஸ்கா வரைக்கும் தோல் வியாபாரம் செய்துவந்த ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனியின் யாகூட்ஸ்க் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவர். ஊருக்குப் பக்கத்திலேயே லேனா என்ற மாபெரும் ஆறு ஓடுது. ஆனா குளிர்காலம் வந்தா அது கெட்டியாகிவிடும். ஆற்றிலிருந்து பனிக்கட்டியை வெட்டி வந்து வீட்டில் வைத்து உருக்கித்தான் குடிக்கணும். வாசலில் ஒரு கிணறு இருந்தா நல்லதுன்னு அவர் நினைத்தது நியாயமான ஆசைதான். நம்ம ஊர்ல யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்போம்.

தண்ணி வரல. மண் கல்லு மாதிரி உறைந்து கிடந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டினார், அப்பவும் உறைந்த மண். ஒரு கட்டத்தில் போதும்னு விட்டுவிட இருந்தவரை, அந்த வழியாக அலாஸ்காவுக்குப் போய்க்கொண்டிருந்த கடற்படை அதிகாரி ஃபெர்டினாண்ட் விராங்கெல், "நிறுத்தாதீங்க, அறிவியலுக்காகவாவது வெட்டுங்க" என்கிற மாதிரி உற்சாகப்படுத்தினார். 1837 வரை வெட்டினார்கள். ஆழம் 116 மீட்டரைத் தாண்டியது. நம்ம கணக்கில் 380 அடிக்கு மேல். அப்பவும் அடியில் உறைந்த மண்தான், ஒரு சொட்டுத் தண்ணி இல்ல.

குடிதண்ணீர்க் கிணறாகப் பார்த்தால் அது படுதோல்வி. ஆனா உறைநிலம் பற்றிய அறிவியல் அந்தக் கிணற்றிலிருந்துதான் உருப்பெற்றது என்று சொல்லலாம். அதுவரை ஐரோப்பாவில் பெரிய பெரிய நிலவியல் அறிஞர்களே, மேலே புதரும் காடும் வளர்கிற இடத்தில் கீழே மண் வருஷம் பூரா உறைந்து கிடக்கும் என்பதை நம்பத் தயங்கினார்கள். 1844-ல் அலெக்சாண்டர் மிடண்டார்ஃப் என்ற ஆய்வாளர் யாகூட்ஸ்க் வந்து, ஷெர்கின் கிணற்றுச் சுவரில் வெவ்வேறு ஆழத்தில் துளைபோட்டு வெப்பமானிகளை வைத்தார். மேல்பக்கம் கடும் குளிர், கீழே போகப் போகக் குளிர் குறைகிறது. ஆனா அடித்தளத்திலேயே மைனஸ் 3 டிகிரி செல்சியஸ். அப்படின்னா உறைபனி அதற்குக் கீழேயும் போகுதுன்னு அர்த்தம்.

இதையெல்லாம் ஏம்பலத்தில் உட்கார்ந்துகொண்டு ஏன் எழுதுறேன்னு கேட்கலாம். நமக்குப் பனி என்றால் மார்கழி விடிகாலையில் நெல்லுத்தாளில் நிற்கிற பனிதான். தமிழில் அந்தத் துளிக்கும் பனி, இமயமலையில் கொட்டுவதற்கும் பனி. இரண்டுக்கும் ஒரே சொல் போதும்னு நம்ம முன்னோர் இருந்ததே, நமக்கும் உறைபனிக்கும் எவ்வளவு தூரம் என்பதைக் காட்டுது. காரணம் இருக்கு. ஷெர்கின் கிணறு வெட்டி முடித்து ஒரு நாற்பது, ஐம்பது ஆண்டுகளில், பிரெஞ்சுப் பாண்டிச்சேரியிலும் தண்ணி தேடி நிலத்தைத் துளைத்தார்கள். அங்கேயும் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. அந்த இரண்டு துளைகளுக்கும் இன்றைக்கு ஒரு தொடர்பு இருக்கு என்பதுதான் நான் சொல்லவந்தது.

1870-களின் இறுதியில் பாண்டிச்சேரியில் ஆலைகளுக்குத் தண்ணீர் வேண்டி ஆழ்துளை போட்டார்கள். களிமண் அடுக்கைத் தாண்டிக் குழாய் இறங்கினதும், பம்பு எதுவும் இல்லாமல் தண்ணீர் தானாக மேலே வந்து கொட்டியது. ஆர்ட்டீசியன் ஊற்று. பாடப்புத்தகத் தமிழில் பொங்கு கிணறு. இந்தச் செய்தி எவ்வளவு பரபரப்பாக இருந்தது என்றால், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880-ல் இதைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். பாண்டிச்சேரியில் பொங்குகிற மாதிரி சென்னையிலும் பொங்குமா என்பது பிரிட்டிஷ்காரர்களின் கவலை. சென்னையின் தண்ணீர்க் கவலைக்கு வயசு அதிகம்.

பொங்கியதற்குக் காரணம் நிலத்தின் சாய்வு. மேற்கே வானூர், திருவக்கரைப் பக்கம் மேட்டுநிலமாகத் தெரிகிற செம்மண்ணுக்கும் மணற்பாறைக்கும் நிலவியலில் கடலூர் மணற்பாறை என்று பெயர். அது கிழக்கே கடலை நோக்கிச் சாய்ந்து, நம்ம வயலுக்கு அடியில் இறங்கிப்போகிறது. மேட்டில் பெய்த மழை அந்த மணலுக்குள் ஊறிக் கீழே வருகிறது. மேலே களிமண் மூடி இருப்பதால் வெளியேற வழியில்லை. மூடியில் ஓட்டை போட்டால் பீறிடும். மேலநிலைத் தொட்டியிலிருந்து குழாயில் தண்ணி வர்ற அதே கணக்குதான். பாகூர் பக்கத்தில் இப்படி நிறையக் கிணறுகள் பொங்கின. தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக பாகூர் ஏரிக்கு வரும் தண்ணீர் ஒரு பக்கம், பூமியிலிருந்து தானாக வரும் தண்ணீர் இன்னொரு பக்கம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம்னு பாகூரைச் சொல்வது சும்மா இல்ல.

1880-களில் பாகூர், அரங்கனூர் பகுதியில் போட்ட துளைகளில் தண்ணீரோடு இன்னொன்றும் தெரிந்தது. கருப்பும் பழுப்புமாக ஒரு பொருள். பழுப்பு நிலக்கரி. பிரெஞ்சு அதிகாரிகளுக்கு ஆசை வந்தது. தோண்டி எடுக்கும் பேச்சும் நடந்தது. ஆனா சுரங்கம் எதுவும் வரவில்லை. அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிற மணலுக்கு நடுவே இருக்கிற ஈரமான கரியை அந்தக் காலத்துக் கருவிகளை வைத்து எடுப்பது நடக்கிற காரியமில்ல. அரை நூற்றாண்டு கழித்து, 1930-களில், நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு போட்டபோது இதே கருப்புப் பொருள் வந்தது. அதன் தொடர்ச்சி எல்லாருக்கும் தெரிந்தது. 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன், அடுத்த ஆண்டு தோண்டும் வேலை, 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தக் கரி என்ன? சில கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே இருந்த சதுப்புக்காடு. விழுந்த மரமும் இலையும் தண்ணீருக்கடியில் காற்றுப் படாமல் கிடந்ததால் முழுசா மக்கவில்லை. மேலே மணல் மூடி, அழுந்தி, கரியாக மாறிவிட்டது. அதே கடலூர் மணற்பாறை வெளியே தெரிகிற திருவக்கரையில் மரங்கள் கரியாகாமல் கல்லாகிவிட்டன. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னரா 1781-லேயே அந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதிவைத்தார். போகாதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்க, வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பலபேர் அப்படியே திரும்பிவிடுகிறார்கள்.

இப்போ மறுபடி சைபீரியாவுக்கு. உறைநிலத்துக்குள்ளும் இருப்பது இதே சரக்குதான்: மக்காத செடி. அங்கே மக்கவிடாமல் தடுத்தது தண்ணீரும் மணலும் மட்டுமல்ல, குளிரும். பனியுகத்துப் புல், வேர், பாசி, மிருகத்தின் எலும்பு, சில இடங்களில் தோலும் மயிருமாக முழு உடம்பே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கின்றன. 2018-ல் யாகூட்டியாவின் பதகாய் பள்ளத்தில் கிடைத்த குதிரைக்குட்டிக்கு வயது சுமார் 42,000 ஆண்டு. பழுப்பு நிலக்கரி கரியாகிப் பூமிக்குள் அமைதியாகிவிட்டது. நாம் தோண்டி எரித்தால் ஒழிய அது காற்றுக்கு வராது. உறைநிலத்தில் இருப்பது கரியாகவே இல்லை, இன்னும் செடிதான். குளிர்ப்பெட்டியில் வைத்த கீரை. கரண்ட் போனால் என்ன ஆகும்னு வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் குளிர்ப்பெட்டி எவ்வளவு பெரிசு? வட உறைநிலத்தில் இருக்கும் கார்பன் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி டன் என்று மதிப்பிடுகிறார்கள். இன்று காற்றுமண்டலத்தில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இளகினால் நுண்ணுயிரிகள் வேலையைத் தொடங்கும். காற்று படுகிற காய்ந்த இடத்தில் கார்பன் டை ஆக்சைடு வரும். தண்ணீர் தேங்கிய இடத்தில் மீத்தேன் வரும். நம்ம ஏரிச் சேற்றில் கால் வைத்தால் புஸ்ஸுனு குமிழி வருமே, அதே மீத்தேன், அதே வகை நுண்ணுயிரி. தண்ணீர் கட்டிய நெல்வயலும் இந்த விஷயத்தில் அவற்றுக்கு ஒரு குட்டிச் சைபீரியா ஏரிதான்.

கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. 2020 ஜூன் 20 அன்று, ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கும் வெர்கோயான்ஸ்க் ஊரில் 38 டிகிரி பதிவானது. நம்ம சித்திரை வெயில். உறைநிலத்தில் போட்ட ஆழ்துளைகளில் வெப்பநிலையை அளந்து பார்த்ததில், 2007-லிருந்து 2016-க்குள் உலகம் முழுக்கச் சராசரியாக 0.3 டிகிரி அளவுக்கு ஏறியிருந்தது. அளக்கிற முறை மிடண்டார்ஃப் செய்த அதேதான்: துளை போடு, வெவ்வேறு ஆழத்தில் வெப்பமானி வை, வருஷக்கணக்கில் பார். 0.3 என்றால் பூ இவ்வளவுதானா என்று தோணும். மைனஸ் பத்தில் இருக்கும் மண்ணுக்கு அது ஒண்ணுமில்ல. மைனஸ் அரையில் நிற்கும் மண்ணுக்குப் பாதி வழி.

மண் இளகும்போது நடப்பது சூடு மட்டுமல்ல, நிலத்தின் உருவமே மாறுகிறது. யாகூட்டியாவின் மண்ணில் பல இடங்களில் பாதிக்கு மேல் பனிக்கட்டிதான். தூண் தூணாக, ஆப்பு ஆப்பாக மண்ணுக்குள் இறங்கியிருக்கும். அது உருகினால் அந்த இடம் உட்கார்ந்துவிடும். ஆப்புகளுக்கு இடையில் இருந்த மண் மட்டும் மேடாக நிற்கும். சுராப்சா என்ற ஊரில் பழைய விமானத்தளம் இருந்த சமவெளி இன்று வரிசை வரிசையாகக் கும்பல் வைத்த மாதிரி மேடுபள்ளமாகக் கிடக்கிறது. வயல், வேலி, வீடு எதுவும் நேராக நிற்காது. பதகாய் பள்ளம் 1960-களில் காட்டை வெட்டியதில் ஆரம்பித்தது. நிழல் போனதும் நிலம் இளகியது. இன்று அது ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பக்கம் வந்துவிட்டது, இன்னும் வளர்கிறது.

அங்கே வாழும் சாகா மக்களுக்கு இது நிலவியல் பாடமல்ல. அவர்கள் குதிரையும் மாடும் வளர்க்கிறவர்கள். காட்டுக்கு நடுவில் வட்டமாக இருக்கும் புல்வெளிப் பள்ளங்களை அலாஸ் என்கிறார்கள். நமக்கு மேய்ச்சல் தரவையும் ஏரிக்கரையும் எப்படியோ அப்படி. வேடிக்கை என்னவென்றால், அந்த அலாஸே பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உறைநிலம் இளகி உட்கார்ந்ததால் உண்டானதுதான். ஆக இளகுவது அவர்களுக்குப் புதிசில்ல. பழையதில் ஒரு பள்ளம் புல்வெளியாகப் பல தலைமுறை ஆனது. இப்போ ஒரு மனுஷன் தன் ஆயுசுக்குள்ளேயே வைக்கோல் அறுத்த நிலம் குட்டையாவதைப் பார்க்கிறான். இறைச்சியும் பாலும் வைக்க மண்ணுக்குள் தோண்டிவைத்த நிலவறைகளும் ஒழுக ஆரம்பித்திருக்கின்றன.

ரஷ்ய மொழியில் உறைநிலத்துக்கு வழங்கும் பெயர் "வேச்னயா மெர்ஸ்லதா", அதாவது நித்திய உறைவு. 1927-ல் மிகாயில் சும்கின் எழுதிய நூல் அந்தப் பெயரை நிலைநிறுத்தியது. ஆங்கிலத்திலும் 1943-ல் "பெர்மனன்ட்" என்பதை ஒட்டித்தான் பெர்மாஃப்ராஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். விதி என்னமோ ரொம்பச் சாதாரணம்: தொடர்ந்து இரண்டு வருஷம் சுழியம் டிகிரிக்கு மேல் போகாத மண் எதுவும் பெர்மாஃப்ராஸ்ட்தான். இரண்டு வருஷத்துக்கு நித்தியம்னு பேர் வச்சிருக்காங்க. தமிழில் "நிரந்தர உறைபனி" என்று எழுதுவதைப் பார்க்கிறேன். எனக்கு "உறைநிலம்" போதும்னு படுது.

இனி பயமுறுத்தும் தலைப்புகளைப் பற்றி. "மீத்தேன் குண்டு வெடிக்கப் போகுது" என்று பத்து வருஷமாக யூடியூபில் ஓடுது. ஐ.நா.வின் ஐ.பி.சி.சி. ஆறாவது அறிக்கை சொல்வது வேறு. பூமி ஒவ்வொரு டிகிரி சூடாவதற்கும், 2100-க்குள் உறைநிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும் கார்பன் சுமார் 1,800 கோடி டன். ஆனா அந்த எண் 310 கோடியிலிருந்து 4,100 கோடி வரை எங்கேயும் இருக்கலாம். மனிதர்கள் கரி, எண்ணெய், வாயு எரித்து ஒரே ஆண்டில் விடுவது சுமார் 1,000 கோடி டன் கார்பன். ஆக, அது குண்டு இல்ல, கசிவு. ஆனா அந்தக் கசிவுக்கு வால்வு கிடையாது. நெய்வேலி அனல்மின் நிலையத்தை ஒரு அரசாணையில் நிறுத்தலாம். இளக ஆரம்பித்த மண்ணுக்கு யார் ஆணை போடுவது? அந்த 1,800 கோடியைவிட அதன் இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கிற தூரம்தான் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது. வெளியே வருவது 310-ஆ 4,100-ஆ என்று தெரியாமல் உலகமே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

நெய்வேலிக் கரி ஒரு டன் எரித்தால் ஏறத்தாழ ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு வரும். அது கடலூர் மாவட்ட எல்லையில் நிற்பதில்லை, உலகக் காற்றோடு கலந்துவிடும். உலகக் கணக்கில் நெய்வேலி ஒரு கைப்பிடி என்பதும் உண்மை. யாகூட்ஸ்க் மண்ணை நாமதான் உருக்கினோம் என்று சொன்னால் அது தற்பெருமை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் நமக்கு நூறு வருஷம் முன்னாடியே எரிக்க ஆரம்பித்துவிட்டன. ஆனா ஒரு சதுப்புக்காட்டின் மிச்சத்தைத் தோண்டி எரித்து, இன்னொரு புல்வெளியின் மிச்சத்தை இளகவிடுகிறோம் என்கிற அந்தச் சங்கிலியில் நம்ம கடலூர் மணற்பாறையும் ஒரு கண்ணி.

நெய்வேலியில் இன்னொரு விஷயமும் உண்டு. அங்கே கரிக்கு அடியில் இருப்பது நம்ம பாகூரில் பொங்கிய அதே வகை அழுத்தத் தண்ணீர். அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்து எழும்பும். பாகூரில் பொங்கிய கிணறுகள் எப்போதோ பொங்குவதை நிறுத்திவிட்டன. முதலில் ஆயில் எஞ்சின், பிறகு கரண்ட் மோட்டார், இப்போ நீர்மூழ்கி மோட்டார். கடற்கரைப் பக்கம் உப்பு ஏறுகிறது. இதற்குப் புவி வெப்பமடைதலைக் குற்றம் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான துளைகள் போட்டு உறிஞ்சியது நாமதான். எல்லைக்கு அந்தப்பக்கம் கடலூர், விழுப்புரம், இந்தப்பக்கம் புதுச்சேரி. நடுநடுவே பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன துண்டு துண்டு எல்லைகள். மணற்பாறைக்குள் ஓடும் தண்ணீருக்கு அது எதுவும் தெரியாது.

உறைநிலம் என்றால் ரஷ்யாக்காரன் பிரச்சினை என்று நினைக்கவும் வழியில்லை. லடாக்கிலும் சிக்கிமிலும் உயரமான மலைகளில் உறைநிலம் இருக்கு. 2023 அக்டோபர் 3 இரவு, சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரிக்குப் பக்கவாட்டில் நின்ற உறைந்த மண்கல் மேடு சரிந்து ஏரிக்குள் விழுந்தது. சரிந்தது சுமார் 1.47 கோடி கன மீட்டர். ஏரியில் 20 மீட்டர் உயரத்துக்கு அலை எழும்பி, கரையை உடைத்துக்கொண்டு தீஸ்தா ஆற்றில் இறங்கியது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா-3 நீர்மின் திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் கிடைக்கவே இல்லை. அந்த மேட்டைப் பிடித்துவைத்திருந்த உறைபனி சூடாகி வலுவிழந்துவந்தது என்பதைப் பின்னால் வந்த ஆய்வு சொன்னது. நம்ம செய்தித்தாள்களில் அது "மேகவெடிப்பு" என்றுதான் முதலில் வந்தது. உறைநிலம் என்ற சொல்லே நமக்குப் பழகாததால், அது இடியும்போதும் வேறு பெயர் வைக்கிறோம்.

ஷெர்கின் வெட்டிய கிணறு யாகூட்ஸ்கில் இன்னும் இருக்கு. மேலே மரத்தால் ஒரு கொட்டகை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். சில கிலோமீட்டர் தள்ளி, உறைநிலத்துக்கென்றே 1960-களிலிருந்து இயங்கும் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அதன் வாசலில் கான்கிரீட்டில் ஒரு மாமூத் யானை நிற்கும். நம்ம பக்கத்தில் முதன்முதலில் பொங்கிய கிணறுகளுக்கு ஒரு கல்வெட்டுகூட இல்லை. பாகூர்க் கரி மட்டும் 1880-களில் கண்டுபிடித்த இடத்திலேயே, வயலுக்கும் களிமண்ணுக்கும் கீழே, இன்றுவரை யாரும் தொடாமல் கிடக்கிறது.